பெரணிச் செல்வர் கர்னல் பெடோம்

நாஞ்சில் நாட்டுப் பழங்கிணறுகளுள் எதனையேனும் எட்டிப் பார்ப்போர்க்கு, உட்சுவரின் கல்லிடுக்குகளினின்று பசிய இறகுகளைப் போன்ற இலைகள் தொங்குதல் காணக் கிடைக்கும். அவை பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் விடுவதில்லை. கடுவெயில் படின் வாடுவன. ஈரமும் நிழலும் கூடியவிடத்தே ஒருவர் துணையுமின்றித் தழைப்பன. பெரணி என்று நூல்கள் கூறும் இனம் இதுவே. நட்டாரும் நீர் வார்த்தாரும் இன்றித் தானே வளர்ந்தமையாற் போலும், நம் முன்னோர் இதனைத் தோட்டச் செடியாகப் பெரிதும் மதித்திலர். தோவாளைப் பக்கத்தே பிச்சிக்கும் அரளிக்கும் கிடைத்த பாத்தி இதற்குக் கிடைக்கவில்லை.

இந்நாளிலோ பெரணி வளர்க்கும் விருப்பம் நம்மவரிடையே மிகுந்து வருகின்றது. சிறு தொட்டியில் அடங்கும் வகைகளோடு அமையாமல், ஆளுயரத்தை விஞ்சிக் குடைபோல் விரியும் மரப்பெரணிகளையும், பதினைந்து அடி நீளம் இலை ஓடும் பெரும்பெரணிகளையும் தம் முற்றத்தே காண வேண்டும் என அவாவுவோர் பலராயினர். அவருட் பலர் அவ்வவாவினை ஓராண்டுக்குள் இழக்கவும் காண்கின்றோம். பணம் கொடுத்து வாங்கிய செடி கருகிப்போகும், காரணம் விளங்காது. அத்தகையோர் அறியத்தக்க ஒருவரது வாழ்க்கையை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். அவர் தோட்டக்கலை கற்பித்தவர் அல்லர்; சென்னை இராஜதானியின் காட்டிலாகாத் தலைவர்; தென்னிந்தியப் பெரணிகளைத் தேடியலைந்து படத்தோடு தொகுத்து வெளியிட்டவர். கர்னல் ரிச்சர்டு ஹென்றி பெடோம் என்பது அவர் பெயர்.

பெடோம் 1830-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த கிளாப்பம் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர் தொழிலினர். மகனும் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிற் பயின்றபின் அத்தொழிலுக்கே பழக்கப்பட்டார். ஆயினும் சட்டப் புத்தகங்களில் அவர் மனம் தோயவில்லை. 1848-இல், பதினெட்டாம் வயதில், கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சென்னைச் சேனையிற் சேர்ந்து கப்பலேறினார். படைவாழ்வு பற்றி நாம் மிகுத்துக் கூற வேண்டுவதில்லை. அவர் பெயர் நிலைத்தது வாளினால் அன்று.

இவ்விடத்தில், அக்காலத்து இங்கிலாந்தைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். பெடோம் சிறுவராயிருந்தபோது அந்நாட்டாரை ஒரு மோகம் பற்றியிருந்தது. அது பெரணி மோகம். அதன் தோற்றமும் வியக்கத்தக்கதே. இலண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த நதானியல் வார்டு என்னும் வைத்தியர், தம் வீட்டு முற்றத்தில் பெரணி வளர்க்க முயன்று, நகரின் புகையால் அவை யாவும் மாண்டுபோகக் கண்டு வருந்தியிருந்தார். 1829-இல் அவர் ஒரு புழுக்கூட்டை ஈர மண்ணோடு கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடி வைத்தார். அந்துப்பூச்சி வெளிவருதலைக் காண்பதே அவர் கருத்து. சின்னாளில் அம்மண்ணினின்று ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைத்தன. பகலில் மண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணிலே வடிந்தது. வெளியே நின்று மடிந்த செடி, மூடிய சீசாவினுள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. இதினின்று பிறந்ததே வார்டுப் பெட்டி என்னும் கண்ணாடிப் பேழை. அதனுள்ளே வைத்துத் தேயிலைக் கன்றுகளைச் சீனத்தினின்று இந்தியாவிற்கும், சிங்கோனாக் கன்றுகளைத் தென்னமெரிக்காவினின்று நீலகிரிக்கும் கொணர்ந்தனர். செல்வர் மாளிகைகளிலோ அப்பேழை பெரணிகளின் அரண்மனையாயிற்று. பெரணி மோகத்தைக் குறிக்க ஒரு தனிச் சொல்லையே 1855-இல் சார்ல்சு கிங்ஸ்லி என்னும் ஆசிரியர் ஆக்கினார் என்றால் அதன் வேகம் விளங்கும். இதன் தீய விளைவும் மறைத்தற்குரியதன்று. விற்பனையாளர் மலைகளிலும் அருவிகளிலும் புகுந்து வேரோடு பறித்தமையால், அயர்லாந்தின் கில்லார்னிப் பெரணி பல இடங்களில் அற்றொழியும் நிலைக்கு வந்தது. அன்பு மிகுதியாலும் ஒரு செடி அழியும்.

இத்தகைய நாட்டினின்று வந்த இளைஞர் தென்னாட்டு மலைகளிற் புகுந்தபோது, தம் நாட்டார் கண்ணாடிக்குள் ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பாராட்டிய இனம், இங்கே ஓடைக்கரைகளில் மரமாக நிற்பதைக் கண்டார். இராணுவ உத்தியோகத்தரை அறிவுத்துறைக்கு ஈர்த்தது இக்காட்சியே என்று நாம் கருதுவது மிகையாகாது.

1856-இல் சென்னை இராஜதானியில் காட்டிலாகா தோன்றிற்று. அதன் முதல் தலைவர் டாக்டர் கிளெக்ஹார்ன். அவர் தமக்கு உதவியாளராகத் தெரிந்தெடுத்தோருள் பெடோம் ஒருவர். 1857-இல் அப்பணியிற் புகுந்தார். 1860 முதல் 1882 வரை, ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டு, அவ்விலாகாவின் தலைமை அவரிடத்தேயிருந்தது. ஆனைமலை, நீலகிரி, வயநாடு, திருநெல்வேலி மலைகள் எனக் காட்டு வழியே நடந்த நடை அவருக்கு இரட்டைப் பயன் தந்தது. சர்க்காருக்கு மரக்கணக்கு; தமக்குச் செடிக்கணக்கு. மலைவழி அறிந்த குடிகள் முன்னே நடவாமல் அக்காலத்து அதிகாரி எவரும் அவ்விடங்களை எட்டியிருக்க முடியாது. அவர்களது பெயர் நமக்குக் கிட்டாமை ஒரு குறையே.

1863-இல் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய அவரது நூல் பகுதி பகுதியாகச் சென்னையில் வெளிவரத் தொடங்கிற்று. அதில் 271 படங்கள் உள. முன்னர் டாக்டர் வைட்டு என்னும் தாவர நூலாருக்குச் சித்திரம் எழுதிய கோவிந்து என்பவர் பெடோமுக்கும் எழுதினார். நம் நாட்டுக் கைவினைஞர் ஒருவரது தூரிகை இல்லாவிடின் அந்நூலுக்கு உயிர் இல்லை என்றே சொல்வோம். ஏனெனில் பெரணியைச் சொல்லால் வேறுபடுத்தல் அரிது. ஒன்றற்கொன்று வேற்றுமை இலையின் அடிப்புறத்தே, புழுதிப் புள்ளிகள் போலக் கிடக்கும் வித்துத்துகட் கூடுகளின் அமைப்பிலும், இலைநரம்பு கிளைக்கும் முறையிலும் அடங்கியிருக்கின்றது. படம் அதனை ஒரு நொடியிற் காட்டும்.

அந்நூல் முடிந்த கையோடு, 1865 முதல் 1870 வரை, ஏனைய இந்தியப் பகுதிகளின் பெரணிகளை 345 படங்களோடு மற்றொரு நூலாக வெளியிட்டார். இவை பெருநூல்கள், காட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாதவை. எனவே 1883-இல் இந்தியா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளின் பெரணிகளை அடக்கிய கைநூல் ஒன்றைச் செய்தார். 1892-இல் அதற்கோர் அநுபந்தமும் சேர்ந்தது. இடையே மரங்களைக் குறித்தும் பிற செடிகளைக் குறித்தும் பல தொகுதிகள். ஓர் இலாகாவின் தலைமைப் பொறுப்பைச் சுமந்தவர் இவ்வளவும் செய்தது எங்ஙனம் என்று வியக்கின்றோம்.

நிற்க. நம் நாட்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு யாது? நாஞ்சில் நாட்டின் வடகீழ் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியும், அதற்கு வடக்கே ஓங்கும் அகத்தியர் மலையும், ஆசம்பு மலைத்தொடரும் அவர் ஆராய்ந்த நிலமே. 1877-இல் திருநெல்வேலிச் சில்லாவின் காடுகளையும் தாவரங்களையும் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். திருவாங்கூர் மலையிலே கர்னல் துரூரி கண்ட மஞ்சள் நிறத் தரை ஆர்க்கிடு ஒன்றை 1874-இல் உலகுக்கு அறிவித்துத் துரூரியின் பெயரையே அதற்கு இட்டவரும் இவரே. செடியளவில் அவர் நின்றாருமல்லர். மண்ணுக்குள் வாழும் வால்தடித்த சிறு பாம்புகள் பலவற்றை அவர் முதன்முதல் விவரித்தார். அவற்றுள் ஒன்றற்கு 1886-இல் மகேந்திரகிரியின் பெயரையே வைத்தார். அப்பாம்பு வாழ்வது மட்கிய இலை படிந்த ஈரமண்ணில். அம்மண்ணிலேதான் பெரணியும் வேரோடுகின்றது. செடியைத் தேடி மண்ணைக் கிளறியவர் பாம்பையும் கண்டார் போலும்.

இனி, பெரணி வளர்க்க விரும்புவார்க்கு இப்பெரியார் விட்டுச் சென்ற செல்வம் யாது என்பதைச் சிறிது விரித்துரைப்போம். அவரது கைநூலில் உரம், தொட்டி, நீர் என்று ஒரு பாடமும் இல்லை. ஒவ்வொரு பெரணியும் எம்மலையில், எத்தனையடி உயரத்தில், எத்தகைய நிலத்தில் வாழும் என்பதே குறிக்கப்பட்டிருக்கும். நம் கருத்தில், இதனினும் சிறந்த தோட்டப்பாடம் வேறில்லை. செடி தான் பிறந்த இடத்தின் தன்மையை மறப்பதில்லை. அவ்விடத்தை நம் முற்றத்தே ஆக்கித் தருவதே வளர்ப்பவன் தொழில்.

முதலாவது மரப்பெரணி. நம் மலைகளில் இரண்டு மூன்று வகை உண்டு. அவற்றுள் கரிய, முள்ளற்ற, பளபளக்கும் இலைக்காம்புடைய சையாத்தியா சைகாண்டியா என்பது மலையின் தாழ்ந்த பகுதியிலும் ஓடையோரங்களில் வளர்வது. ஆதலின் சமவெளித் தோட்டத்துக்கு ஏற்றது. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்ச் சோலைக்குரிய பெரணியை நாகர்கோவிலில் நட்டால் அது மெலிந்து மாளும். வளர்ப்பவன் கை வாராமை அதற்குக் காரணமன்று. வாங்குமுன் உயரத்தைக் கேட்டறிதல் வேண்டும் என்பது இதனால்.

மரப்பெரணியின் தண்டு மெய்யான மரமன்று. மெல்லிய நடுத்தண்டைச் சுற்றிக் கரிய வேர்நார்கள் கம்பளம் போலப் போர்த்து நிற்கும். அந்நார்ப் போர்வை காயாமல் இருத்தலே அதன் உயிர்நிலை. நம்மவர் செய்யும் பெரும்பிழை, நீரை அடியில் மட்டும் வார்ப்பது. தண்டின் மேலும் நாள்தோறும் தெளித்தல் வேண்டும். காற்றும் அதற்குப் பகை. இதனை நாஞ்சில் நாட்டார் சிறப்பாகக் கருத வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே ஆனி, ஆடித் திங்களில் வீசும் காற்று இந்நாளிற் காற்றாலைகளைச் சுழற்றும் வலியுடையது. அது பெரணியின் இலையைக் கிழிப்பதோடு ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தோவாளை வட்டத்தார் மேற்கே வீட்டுச் சுவரோ, நெருங்கிய வாழைக் கூட்டமோ மறைப்பாக நிற்கும் மூலையைத் தெரிதல் நன்று. கல்குளம், விளவங்கோடு வட்டத்தார் இவ்வகையிற் பாக்கியவான்கள். மலையும் மரமும் அவர்க்கு மறைப்பு. தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெறுதலின், பெரணி ஆண்டில் இருமுறை புதுச் சுருள் விடும். இப்பேறு தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் பலவற்றுக்கு இல்லை.

இரண்டாவது, ஆஞ்சியாப்டெரிசு என்னும் பெரும்பெரணி. தண்டு உயராது; யானைக்கால் போன்று பருத்து நிலத்தோடு கிடக்கும்; அதன் உச்சியினின்று பதினைந்து அடி நீளம் வரை வளைந்தெழும் இலைகள் ஓரறையை நிறைக்கும். இலைக்காம்பின் கணுக்கள் வீங்கியிருக்கும். நீர் குறைந்தால் அக்கணுவிலே மடங்கி, இலை முழுதும் தலை கவிழும். நீர் வேண்டும் என்று வாய் திறந்து சொல்லும் செடி இதுவேயாம். களி கலந்த ஓடைக்கரை மண்ணில் வாழ்வதாகலின், ஏனைய பெரணிகளுக்குக் கூறும் வடிகால் விதி இதற்கு அவ்வளவு கடுமையாகப் பொருந்தாது. கிணற்றடியிலே நீர் சிந்தும் இடம் இதற்கு இன்பம். இதனைப் பெருக்குதற்கு வித்துத்துகள் கூட வேண்டா. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற தசைப்பற்றுள்ள இரு செதில்கள் உண்டு. முதிர்ந்த இலை உதிர்ந்தபின் அம்மடலைக் கூரிய கத்தியால் எடுத்து, ஈர மணலும் இலைமக்கும் கலந்த தொட்டியிற் பாதி புதையுமாறு வைத்து நிழலில் இருத்தினால், சில மாதங்களில் அதில் உறங்கும் மொட்டு விழித்து முளைக்கும். தாய்ச்செடிக்கும் தீங்கில்லை.

மூன்றாவது, பறவைக்கூட்டுப் பெரணி. இது பிற மரத்தின் மேல் அமர்ந்து வாழ்வது. ஆயினும் அம்மரத்தின் சாற்றை உண்பதன்று. அகன்ற இலைகள் கிண்ணம் போல நிற்க, மேலிருந்து உதிரும் சருகெல்லாம் அதனுள் வீழ்ந்து மட்கும். அம்மக்கே அதன் உணவு. தூய்மை விரும்பும் வீட்டார் அச்சருகை நாள்தோறும் பொறுக்கி எறிந்து, செடி ஏன் மஞ்சளிக்கின்றது என்று வினவுவர். பலாமரத்தின் கவட்டில் ஊறிய கதம்பையை வைத்துக் கட்டி அதன்மேல் இதனை அமர்த்தினால் பல்லாண்டு நிற்கும். கதம்பை மலிந்த நம் நாட்டில் இதற்குச் செலவு யாதுமில்லை. புதுக் கதம்பையில் துவர்ப்பு மிகுதி. மழையில் சில மாதம் கிடந்து கறை நீங்கியதே தக்கது.

உப்பங்கழியோரச் சேற்றில் ஆளுயரம் வளரும் அக்ரோஸ்டிக்கம் என்னும் பெரணியும் ஒன்று உண்டு. உவர்நீரைப் பொறுக்கும் பெரணி மிக அரிது. கடற்கரை ஊர்களில் கிணற்று நீர் கரிக்கின்றதே என்று வருந்துவோர் இதனை முயன்று பார்க்கலாம்.

நீரைப் பற்றி இன்னுமொன்று. கிணற்றுச் சுண்ணாம்புக் காரையில் வளரும் சிறு பெரணிகள் சுண்ணத்தை விரும்புவன. மரப்பெரணியோ இலைமக்கின் புளிப்பு மண்ணுக்குரியது. ஆதலின் இரண்டையும் ஒரே மண்ணில் நட்டு ஒரே நீர் வார்த்தல் பேதைமை. மரப்பெரணிக்கு மழைநீரோ குளத்துநீரோ ஏற்றது. மண்ணில் இரு பங்கு இலைமக்கும், ஒரு பங்கு பருமணலும், ஒரு பங்கு தோட்டமண்ணும், உடைத்த அடுப்புக்கரி சிறிதும் இருத்தல் நலம். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டா, வேர் வெந்துவிடும்.

வித்துத்துகளினின்று வளர்ப்பதே எல்லாவற்றினும் இன்பந் தருவது. முதிர்ந்த இலைத் துண்டொன்றை வெள்ளைக் காகிதத்தில் மடித்து இரண்டு நாள் வைத்தால், கபில நிறத் தூள் உதிர்ந்திருக்கும். செங்கல் ஒன்றைக் கொதிநீரில் இட்டெடுத்து, ஆறியபின் நீருள்ள தட்டில் நிறுத்தி, அத்தூளை அதன்மேல் மெல்லத் தூவிக் கண்ணாடியால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தல் வேண்டும். சில கிழமைகளில் செங்கல் பசுமை பூக்கும். பின்னர் விரல்நகத்தினும் சிறிய, இதய வடிவான பசுந்தகடுகள் தோன்றும். இவற்றைப் பாசியென்று எண்ணிக் கழுவி எறிந்தோர் பலர். அத்தகட்டின் அடியில் ஆணணுவும் பெண்ணணுவும் உண்டாகி, ஆணணு நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று கூடியபின்னரே மெய்யான பெரணிக் கன்று எழும். பெரணிக்கு ஈரம் ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். நீரின்றேல் அதற்குக் குலமே இல்லை. இம்மறைபொருளை ஹாப்மைஸ்டர் என்னும் செர்மானிய அறிஞர் 1851-இல் தெளிவுபடுத்தினார். பெடோம் காடு புகுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே. கன்று ஓரடி உயர இரண்டாண்டு கூடச் செல்லலாம். மரப்பெரணியில் தண்டு காணப் பல ஆண்டு பொறுத்தல் வேண்டும். பொறுமையில்லார் மலைக்குச் சென்று பறிக்கத் துணிவர்.

இங்கேதான் பெடோமின் வாழ்க்கை நமக்கு நெருங்கிய ஒன்றாகின்றது. அவர் பெரணிகளைத் தேடிய அதே காலத்தில், 1860-களில், ஆசம்பு மலையிற் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டிச் சுட்டெரிக்கப்பட்டது. மரம் வீழ்ந்தபின் ஓடை வெயிலில் கிடந்தது. ஓடைக்கரைப் பெரணி ஒரு கோடையைக் கூடத் தாங்கவில்லை. 1870-களில் இலைநோய் வந்து காப்பியும் பாழாயிற்று. அதன்பின் தேயிலையும் ரப்பரும் வந்தன. காட்டின் நிழல் மீளவில்லை. பெடோம் இராஜதானியின் காட்டதிகாரி. மலையின் மேற்குச் சரிவோ திருவாங்கூர் சமஸ்தானத்தது. அவரது ஆணை மலைமுகட்டோடு நின்றது. பெரணிகளோ எல்லைக்கல்லை அறியா.

அவரது இலாகாவின் போக்கையும் நாம் முழுதும் புகழ்வதற்கில்லை. மலைக்குடிகள் சிறு துண்டு நிலத்தைச் சுட்டுப் பயிரிட்டுப் பின் விட்டுச் செல்லும் வழக்கத்தைக் காட்டின் பெரும்பகை என்று கிளெக்ஹார்ன் முதலியோர் கண்டித்தனர். 1860-இல் அது இராஜதானியிற் பெரிதும் தடுக்கப்பட்டது. மலை முழுதும் ஒரே பயிராக்கிய தோட்டக்காரர் மீது அவ்வளவு கடுமை பாயவில்லை. இரயில் பாதைக்குக் கட்டையும் கப்பலுக்குத் தேக்கும் குறையாமற் கிடைக்கச் செய்தலே அவ்விலாகாவின் முதற்கடன். அக்கடனைச் செய்துகொண்டே, விலை போகாத ஒரு செடியினத்துக்காகத் தம் ஓய்வை எல்லாம் செலவிட்டார் என்பதே பெடோமை ஏனைய அதிகாரிகளினின்று பிரித்துக் காட்டுகின்றது. பெரணியால் சர்க்கார் பொக்கிஷத்துக்கு ஒரு காசும் வந்ததில்லை.

1882-இல் அவர் தலைமைப் பதவியை விட்டார். சென்னை வனச் சட்டம் பிறந்ததும் அவ்வாண்டே. தாய்நாடு மீண்டபின்னும் அவரது எழுத்து ஓயவில்லை. கைநூலும் அநுபந்தமும் பதவி நீங்கிய பின்னரே வெளிவந்தன. 1911-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், இலண்டனைச் சார்ந்த வாண்ட்சுவர்த்தில் காலமானார். பல்லியினங்கள் சில, தவளையினங்கள் சில, பாம்பினங்கள் சில, பெரணி உட்படச் செடிகள் சில எனப் பல உயிர்கள் அவர் பெயரைத் தாங்குகின்றன.

அவர் அறிவித்த துரூரி ஆர்க்கிடு நெடுங்காலம் கண்ணிற்படாமல், 1970-களில் மீண்டும் அகத்தியர் மலையிற் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்த செய்தி பரவவே, சேகரிப்போர் சென்று பறித்துக் குறைத்தனர். அயர்லாந்துப் பெரணிக்கு நேர்ந்தது நூறாண்டின் பின் நம் மலையிலும் நேர்ந்தது. மரப்பெரணிகளுக்கும் இவ்விடர் உண்டு. அவற்றின் நார்த்தண்டை அறுத்து ஆர்க்கிடு வளர்க்கும் சட்டியாக விற்பர். இக்காரணத்தால் மரப்பெரணிகளின் அயல்நாட்டு வாணிகம் சர்வதேச உடன்படிக்கையின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நம் மாவட்டக் காடுகளின் பெரும்பகுதி 2008-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனுள்ளிருந்து செடி பறித்தல் குற்றம். கீரிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் செல்லும் மாணவ நண்பர்கள், ஓடையோரத்து இளம்பெரணியைப் பையிலிட்டுக் கொணரும் வழக்கத்தை இனியேனும் கைவிடுவாராக. அவ்விதம் வந்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பதும் அநுபவம். வளர்ப்பவரிடமிருந்து ஒரு முதிர்ந்த இலைத்துண்டு பெற்றால் ஆயிரம் கன்றுக்கு வித்து அதில் இருக்கின்றது.

பெடோமின் கைநூலை இன்று எடுத்துப் படிப்பார்க்கு ஓர் இடர் நேரும். பெயர்கள் மாறியிருக்கின்றன. மேலே சையாத்தியா சைகாண்டியா என்று நாம் குறித்த மரப்பெரணியை அவர் அல்சோபிலா கிளாப்ரா என்று வழங்கினார். அவர் ஒன்றெனக் கொண்டவை பிற்காலத்தே இரண்டாகவும், இரண்டெனக் கொண்டவை ஒன்றாகவும் ஆயின. இவ்விடரைத் தீர்க்கவே, நாயர், கௌர் என்னும் இருவர் 1970-களில் அக்கைநூலுக்குத் துணைநூல் ஒன்று இயற்றினர். மூலநூலின் பழம்பெயர்க்கு நேராக இக்காலப் பெயரை அதிற் காணலாம். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியைச் சார்ந்த மாணிக்கம் அடிகளாரும் இருதயராசரும் 1992-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். இம்மூன்றையும் அருகருகே வைத்து, தம் முற்றத்துப் பெரணியின் இலையைத் திருப்பி அடிப்புறத்துப் புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தால், அதன் பெயரையும் அது பிறந்த மலையின் உயரத்தையும் ஒரு மாலைப் பொழுதிற் கண்டுகொள்ளலாம்.